வராத கம்ப்யூட்டருக்கு விலை சொன்ன காலம்

போன வாரம் பாண்டி போன் செய்தான். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். இப்போது அவனியாபுரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணே, அடுத்த மாசம் புது ஆல்-இன்-ஒன் ஒண்ணு வருதாம். விலையைச் சொல்ல மாட்டேங்குறாய்ங்க. ரெண்டு விதமா ஸ்கிரீன் போடுறாய்ங்களாம். எம்புட்டு வரும், எந்த ஸ்கிரீனை எடுக்கலாம்னு சொல்லுங்கண்ணே."

"விலையை நாளைக்குச் சொல்றேன். ஸ்கிரீனை வேற யார்ட்டயாச்சும் கேளு."

"நீங்க பாக்காத ஸ்கிரீனாண்ணே?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. பாண்டிக்குச் சொல்லாத பதிலைத்தான் வியாபாரிகள் சங்க மலருக்கு இப்போது எழுதுகிறேன். இரண்டு மாதமாகக் கட்டுரை கேட்டு நச்சரிக்கிறார்கள். இதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று படித்த பிறகு அவர்கள் நினைக்கக்கூடும்.

நான் எடுத்த எடுப்பிலேயே கம்ப்யூட்டருக்கு வந்தவன் இல்லை. கல்லூரி முடித்ததும் ரயில்வேயில் உதவி டிரைவர் வேலைக்குத் தேர்வானேன். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் ஓர் எண். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் எனக்கு எண் தெரியவில்லை. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, "சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரிஞ்சு தெரியாது. நோய் இல்லை, பிறவி. இந்த வேலைக்கு மட்டும் ஆகாது" என்றார். வீட்டில் மார்பளவு போதவில்லை என்று சொன்னேன். அம்மா அதை நம்பி மூன்று மாதம் தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

பிறகு சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் கணக்கு எழுதினேன். தொண்ணூறுகளின் நடுவில் மில் நொடித்தபோது, கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்றில் கொள்முதல் பார்க்க ஆள் கேட்டார்கள். எண்ணத் தெரிந்தவன் போதும் என்றார்கள். போனேன்.

கடையின் மேனேஜர் கஸ்தூரி மேடம். என்னைவிட ஐந்து வயது சிறியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர் நின்றால் அவரும் நிற்பார். யாரிடமும் எதையும் இரண்டு முறை கேட்பார். முதல் முறை பதிலுக்காக. இரண்டாவது முறை, அந்தப் பதிலை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பார்ப்பதற்காக. நாம் தடுமாறினால் கையிலிருக்கும் பேனாவை மூடிவிட்டுக் காத்திருப்பார். அந்த மூடி விழும் 'டிக்' சத்தத்துக்குக் கடையே பயப்படும்.

நான் பெயர் எடுத்தது விலை சொல்வதில். புதிய மாடல் வரப்போகிறது என்றால் கம்பெனிக்காரர்கள் விலையை வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்பே வினியோகஸ்தர் எங்களிடம் முன்பதிவு கேட்பார். வராத பொருளுக்கு, தெரியாத விலைக்கு, முன்பணம். கூட எடுத்தால் தேங்கும், குறைத்து எடுத்தால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான். ஆகவே ஊகிக்க வேண்டும். கடையில் எல்லோரும் ஊகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் தம்ளரில் போடுவோம். விலை வந்த அன்று பிரிப்போம். நெருங்கி வந்தவருக்கு மற்றவர்கள் பரோட்டா வாங்கித் தர வேண்டும். நான் பல மாதம் என் காசில் பரோட்டா சாப்பிட்டதில்லை.

என் முறையில் மந்திரம் எதுவும் கிடையாது. டாலர் மதிப்பைப் பார்ப்பேன். சுங்கவரியைச் சேர்ப்பேன். அதே சிப் உள்ள லேப்டாப் என்ன விலைக்கு ஓடுகிறது என்று பார்ப்பேன். ஏனென்றால் ஆல்-இன்-ஒன் என்பது பெரும்பாலும் ஒரு லேப்டாப்பின் குடலை எடுத்து மானிட்டரின் முதுகில் வைத்ததுதான். தனியாக ஒரு பெட்டி கிடையாது, திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கிவிடும். செலவில் பெரும்பங்கு திரைக்குத்தான். ஆகவே திரை எத்தனை அங்குலம் என்று தெரிந்தால் பாதி விலை தெரிந்த மாதிரி. அதைக் கம்பெனி சொல்லாது. லாரி பார்சல் ஆபீசில் சொல்வார்கள். சென்னைக்கு மாதிரி வந்த அட்டைப்பெட்டியின் நீள அகலத்தை அங்கிருக்கும் கிளார்க்கிடம் கேட்டு வாங்குவேன். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் தெர்மாகோலுக்குக் கழித்தால் திரை வந்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் முடிகிற மாதிரி ஓர் எண்ணுக்கு இறக்குவேன். பஜாரில் என்னை விலை ஜோசியர் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

திரையைப் பற்றியும் பேசுவேன். எத்தனை லட்சம் நிறங்கள், எத்தனை டிகிரி பார்வைக்கோணம், எத்தனை மில்லி செகண்டு. எல்லாம் எண்கள். வாடிக்கையாளர் கலர் எப்படி என்று கேட்டால், "நீங்க சொல்லுங்க சார், உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?" என்று திருப்பிக் கேட்பேன். அவர் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய குழாய் மானிட்டர்களில் வேலை செய்தால் பச்சை விளக்கு எரியும், கேபிள் கழன்றிருந்தால் ஆரஞ்சு. எனக்கு இரண்டும் ஒன்று. புறங்கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். ரோமம் சிலிர்த்தால் ஓடுகிறது என்று அர்த்தம். இப்படியே பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். கடையில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நாகராஜனும் அவர் மனைவி சரோஜா அம்மாவும் கடைக்கு வந்தார்கள். சௌராஷ்டிரக் குடும்பம். மகாலுக்குப் பின்னால் ஒரு குறுகிய வீட்டில் சேலைக்கு பார்டர் டிசைன் போட்டு நெசவாளர்களுக்குக் கொடுக்கும் தொழில். பழைய கம்ப்யூட்டர் எட்டு வைத்திருந்தார்கள். அந்த அறையில் எட்டுக் குழாய் மானிட்டரும் ஓடினால் ஆவி கட்டியது போலிருக்கும். இடமும் இல்லை, கரண்டு பில்லும் தாங்கவில்லை. வரப்போகும் ஆல்-இன்-ஒன்னைப் பற்றி யாரோ சொல்லி வந்திருந்தார்கள்.

அவர்களுக்கு அவசரமும் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜவுளி மொத்த வியாபாரி தீபாவளிக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். நெய்த மாதிரிச் சேலைகளைக் காட்டித் தேர்ந்தெடுக்க நாளாகும் என்பதால், திரையிலேயே பார்டர்களைப் பார்த்து ஒரே நாளில் முடிவு செய்வதாகப் பேச்சு. அவர் எடுத்தால் பன்னிரண்டு தறிகளுக்குப் பொங்கல் வரை வேலை. எடுக்காவிட்டால் அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் பண்டிகை இல்லை.

"விலை எம்புட்டு வரும் சார்?" என்றார் நாகராஜன்.

"முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஒசத்தி ஸ்கிரீன் போட்டா ஆறாயிரம் கூட."

"இன்னும் வரவே இல்லையே சார்."

"வந்தா பாருங்க."

சரோஜா அம்மா சிரித்தார். "பொண்ணு பொறக்கும் முன்னாடியே சீர் பேசுறாரு."

இரண்டு வகைத் திரைகளையும் வினியோகஸ்தர் ஒரு நாள் மட்டும் ஹோட்டல் ஹாலில் வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. பார்த்த அன்றே முன்பதிவு செய்ய வேண்டும். சரோஜா அம்மா வருவதாகத்தான் இருந்தது. முந்தின நாள் அவருடைய நாத்தனார் வீட்டில் ஒரு சாவு. தீட்டு. கடைக்குப் போன் செய்தார். நான் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே நாகராஜன் ஒரு சிடியையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார். பொட்டலத்தில் ஏழு நூல்கண்டு. உள்ளேயிருந்து சரோஜா அம்மா குரல் கொடுத்தார்.

"சார், அந்த சிடில இதே ஏழு நூலோட படம் இருக்கு, அரக்கு முதல்ல, பச்சை அடுத்து. ஸ்கிரீன்ல போட்டு நூலைப் பக்கத்துல பிடிச்சுப் பாருங்க. முக்கியமா அரக்கும் ராமர் பச்சையும். அந்தக் கோயம்புத்தூர்ச் சேட்டு கேக்குறதே அந்த ரெண்டுதான். எதுல ஒத்துப் போகுதோ அதை எடுத்துருங்க. காசு கூடன்னாலும் பரவால்ல."

பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்குக் கலர் தெரியாதும்மா என்று சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வாசல், இரண்டே பேர், வெளியாள் யாரும் இல்லை. "பாத்துக்கிறேம்மா" என்றேன்.

வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்து ஒவ்வொரு நூலாக நிறம் கேட்டேன். என் தங்கைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும் என்று ஒரு கதை. அவர் சொன்னதை வைத்து நூல்களைச் சட்டைப்பையில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். அரக்கு முதல், பச்சை இரண்டாவது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் முப்பது நாற்பது வியாபாரிகள் இருந்தார்கள். இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில். சிடியைப் போட்டார்கள். நான் நூல்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்குள் மேலமாசி வீதிக் கடைக்காரன் செல்வம் வந்து ஒரு நூலை எடுத்து உருட்டிப் பார்த்தான். என் வயதுக்காரன். பஜாரில் எனக்குப் போட்டி.

"என்ன மாப்ள, ஜவுளிக்கடை வச்சுட்டியா?"

"கஸ்டமர் குடுத்தது. கீழ வை."

வைத்தான். எந்த இடத்தில் எடுத்தானோ அந்த இடத்தில் வைக்கவில்லை என்று தெரிந்தது. எங்கே வைத்தான் என்பது தெரியவில்லை. முதல் நூலை எடுத்துத் திரையில் அரக்கு இருக்க வேண்டிய இடத்தில் பிடித்தேன். செல்வம் பக்கத்திலேயே நின்றான்.

"மாப்ள, பச்சையைக் கொண்டுபோய் அரக்கு மேல பிடிக்கிற."

நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்" என்றேன்.

"விலை ஜோசியர் இப்ப கண் டாக்டர் ஆயிட்டாருப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நூல்களை அள்ளிப் பையில் போட்டேன். அந்த நிமிடத்துக்குப் பிறகு யாரிடமும் கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. அல்லது நான் அப்படி ஆக்கிக்கொண்டேன். கடையின் செல்போன் என் இடுப்பில்தான் இருந்தது.

என் கண்ணுக்கு இரண்டு திரையும் ஒரே மாதிரிதான் இருந்தன. இதில் நான் பொய் சொல்லவில்லை. விவரத்தாளை எடுத்தேன். அதில் பார்வைக்கோணம் என்ற வரியில் வித்தியாசம் இருந்தது. சாதாரணத் திரைக்குக் கீழேயிருந்து பார்க்கும் கோணம் மிகவும் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்ப்பவர்களுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். எட்டுக்கும் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் மிச்சம். சாதாரணத் திரையையே எழுதிக் கொடுத்தேன். கடைக்கு வந்ததும் மேடம் கேட்டார்.

"கலர் ஒத்துப் போச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஆமா மேடம்."

பேனாவை மூடவில்லை. அவ்வளவு திடமாகச் சொல்லியிருக்கிறேன்.

விலை வெளியானது. முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஒரு ரூபாய் முன்னே பின்னே இல்லை. தம்ளரைக் கவிழ்த்துச் சீட்டைப் பிரித்த பாண்டி அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். பக்கத்துக் கடைகளிலிருந்தெல்லாம் வந்து கை கொடுத்தார்கள். அன்றைக்குப் பரோட்டாவோடு சுக்காவும் வாங்கிக் கொடுத்தார்கள். என் வேலைக்காலத்தில் அதுதான் உச்சம் என்று சொல்ல வேண்டும்.

எட்டு மெஷினும் மகால் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து நாகராஜன் போன் செய்தார். மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் வாடிக்கையாளர்களை நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. வியாபாரி வந்தால் ஜமக்காளம் விரிப்பார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து காபி குடித்து, சேலையை மடியில் போட்டுப் பார்ப்பதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். பல முறை அந்த வீட்டுக்குப் போன எனக்கு அது தெரியாதா? நானே அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து காபி குடித்தவன். கோயம்புத்தூர் வியாபாரியும் அப்படித்தான் தரையில் உட்கார்ந்து, மேசை மேலிருந்த திரையை அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"கீழ இருந்து பாத்தா அரக்கு கறுப்பாத் தெரியுது மேடம்" என்றார் சரோஜா அம்மா. "எந்திரிச்சு நின்னு பாத்தா செங்கல் கலரு. நேராப் பாத்தாலும் நம்ம நூல் மாதிரி இல்ல. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ஏம்மா, இருட்டுல நெய்தீங்களான்னு கேட்டாரு. காபியைக்கூட முழுசாக் குடிக்கல. இப்ப வேற இடத்துல ஆர்டர் குடுத்துட்டாராம்."

நாகராஜன் என்னைப் பார்த்துப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "நீங்க சொன்ன விலை அச்சு மாறாம வந்துச்சு சார். அதான் ஸ்கிரீனும் சரியா இருக்கும்னு நம்பிட்டோம்."

மேடம் நின்றுகொண்டிருந்தார். சரோஜா அம்மா நூல் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தார்.

"சண்டைக்குக் கேக்கல சார். எனக்குப் புரியணும். எதை வச்சுப் பாத்தீங்க? அரக்கை எடுங்க."

ஏழு நூல். இரண்டு கருமையாக இருந்தன. சரிபாதி வாய்ப்பு. ஒன்றை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கவில்லை. பிறகு தம் கணவரிடம் அவர்கள் மொழியில் தணிந்த குரலில் ஒரு வார்த்தை சொன்னார். நாகராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ராமர் பச்சையை நீட்டிய கையோடு நின்றேன்.

"எட்டையும் நாங்க எடுத்துக்குறோம்" என்றார் மேடம். "நல்ல ஸ்கிரீனா மாத்தித் தாறோம். தப்பு எங்க கடையோடது."

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டார். "எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து மேடம்."

தெற்குவாசல் தாண்டியதும் மறுபடி கேட்டார். "எப்ப இருந்து?"

அப்போதுதான் ரயில்வேயையும் டாக்டரின் புத்தகத்தையும் சொன்னேன்.

"ஹால்ல இருந்து எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல. நான் ஒரு ஆளை அனுப்பியிருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை.

வினியோகஸ்தர் எட்டையும் திரும்ப எடுக்க மறுத்தார். பள்ளிக்கூட ஆபீஸ், மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாக நஷ்டத்துக்குத் தள்ளினோம். மாற்றுத் திரைகள் வந்து சேர்ந்தபோது தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்திருந்தது. அந்த வருடம் பன்னிரண்டு தறிகளும் எப்படி ஓடின, ஓடினவா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

மேடம் கடையில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் பாண்டி ஒரு நாள், "அண்ணே, அந்தச் சிவப்புக் கேபிளை எடுங்க" என்று சொல்லிவிட்டு அவனே எழுந்து வந்து எடுத்துக்கொண்டபோது, அவனுக்குத் தெரியுமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தவறு எல்லோருக்கும் நடக்கிறது, என் கண் என் கையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வழி இருந்தது.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய திரையோடு ஒரு மாடல் வரப்போவதாகப் பேச்சு வந்தது. சரோஜா அம்மாவே போன் செய்தார். தொழில் ஓரளவு தேறி, இன்னும் இரண்டு மெஷின் எடுக்க நினைத்தார்கள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் மேடத்திடம் போனைக் கொடுக்கப் பார்த்தேன். "இல்ல, உங்ககிட்டதான் பேசணும்" என்றார் சரோஜா அம்மா.

"சார், இந்தத் தடவை நானும் ஹாலுக்கு வாரேன். கலரை நான் பாக்குறேன். விலையை நீங்க பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தா முழுசா ஒரு ஆளு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "வந்துருவீங்கள்ல?"

"வாரேம்மா."

விலைக் கணக்கையெல்லாம் போட்டு வைத்தேன். அன்று காலை சட்டை மாற்றி, பதினொரு மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கே ஹோட்டலுக்குப் போய்விட்டேன். மாடிப்படி ஏறி ஹால் கதவு வரை வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. சரோஜா அம்மா எனக்கும் முன்னால் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தம் பையை வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் செல்வமும் போன வருடம் சிரித்தவர்களில் சிலரும். ஒருவர் அந்த நாற்காலியைக் காட்டி, "இங்க ஆள் வருதாம்மா?" என்றார்.

"ஆமாங்க, எங்க சார் வாராரு" என்றார் சரோஜா அம்மா.

நான் திரும்பிக் கீழே இறங்கினேன். மேடத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். அவர் இரண்டாவது முறை கேட்பதற்குள் வைத்துவிட்டேன். சரோஜா அம்மா எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. போட்டு வைத்திருந்த விலையை அவரிடம் சொல்லவே இல்லை. அவராகவே திரையைப் பார்த்து, விலை தெரியாமலே முன்பணம் கட்டியிருக்கிறார். நல்ல திரையாகத்தான் எடுத்திருந்தார் என்று பிறகு பாண்டி சொன்னான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

அன்று ஹால் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றார்களாம். கூட்டம் முடிகிற வரை அந்த நாற்காலியிலிருந்து பையை எடுக்கவே இல்லை அந்தம்மா என்று செல்வம்தான் ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னான்.